ஜெர்மனியின் 1888 கமிஷன் ரைஃபிள்: உண்மையிலேயே கோளாறான துப்பாக்கியா, கெட்ட பெயர் மட்டும் வாங்கியதா?

பழையதோட்டா:

பிரிட்டிஷ் .303 ரைஃபிள் பற்றிய இழையில் பேச்சு ஜெர்மன் 88 (1888 கமிஷன் ரைஃபிளின் சுருக்கப் பெயர்) பக்கம் போய்ப் பாதியில் நின்றுவிட்டது. தனி இழை கேட்டவர்களுக்காக இதைத் தொடங்குகிறேன்.

முதலில் பின்னணி. 1884இல் பிரெஞ்சு வேதியியலாளர் பால் வியேல் புகையற்ற வெடிமருந்தை உருவாக்கினார். அதுவரை எல்லாப் படைகளும் கருமருந்தைத்தான் நம்பியிருந்தன. நாலு ரவுண்டு சுட்டாலே எதிரில் வெள்ளைப் புகை மூடிவிடும், குழலுக்குள் கரி அப்பிக்கொள்ளும். புதிய மருந்தில் புகை மிகக் குறைவு, வேகமோ மிக அதிகம். அதனால் குண்டைச் சிறிதாக்க முடிந்தது. 11 மி.மீ. போய் 8 மி.மீ. வந்தது. போர் அமைச்சராக இருந்த ஜெனரல் பூலாஞ்சே விரட்டி வேலை வாங்கியதில் 1886லேயே லெபெல் ரைஃபிள் தயார்.

ஜெர்மனியின் நிலைமையைப் பாருங்கள். அப்போதுதான் 71/84 மவுசர் ரைஃபிளைப் படைக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். 11 மி.மீ., கருமருந்து, குழலுக்கு அடியில் எட்டுத் தோட்டா கொள்ளும் நீளக் குழாய் மேகசின். பட்டறையிலிருந்து வெளியே வரும்போதே பழசாகிப்போன துப்பாக்கி அது. 1887 ஏப்ரலில் எல்லையில் ஷ்னேபலே என்ற பிரெஞ்சு அதிகாரியை ஜெர்மானியர்கள் பிடித்துவைத்து, போர் வந்துவிடுமோ என்ற பதற்றம் வேறு.

ஸ்பாண்டாவில் இருந்த துப்பாக்கிப் பரிசோதனைக் கமிஷன் கைக்குக் கிடைத்ததை எல்லாம் சேர்த்து 1888இல் ஒரு ரைஃபிளை முடித்துக் கொடுத்தது. போல்ட் (குழலின் பின்பக்கத்தை மூடித் திறக்கும் உருளை), பழைய மவுசர் போல்ட்டை ஸ்பாண்டாவ் ஆலையின் ஷ்லேகல்மில்ஷ் திருத்தியது. மேகசின், ஆஸ்திரியாவின் மான்லிஹர் பாணி. குழலைச் சுற்றி அர்மாண்ட் மீக் யோசனைப்படி ஒரு தகட்டு உறை. தோட்டா, சுவிட்சர்லாந்தின் ரூபின் செய்த சோதனைகளின் வழியில் வந்த விளிம்பில்லாத 7.9 × 57 (குழல் விட்டம் 7.9 மி.மீ., தோட்டா உறையின் நீளம் 57 மி.மீ.).

என் கட்சி இதுதான்: தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு பாகமும் நல்ல பாகம். குண்டும் குழலும் தோட்டா உறையும் சேர்ந்து எப்படி நடந்துகொள்ளும் என்று பார்க்க அவகாசம் எடுத்துக்கொள்ளவில்லை. வந்த கோளாறில் பெரும்பகுதி அங்கேதான்.

கரிசல்காட்டான்:

எல்லாரும் இதை மவுசர் 88ன்னுதானே சொல்றாங்க? நீங்க கமிஷன், ஸ்பாண்டாவ்னு புதுசா எதையோ சொல்றீங்க. மவுசர் பேரைக் காப்பாத்துற முயற்சியா? :)

சுடர்விழி:

மவுசர் பெயரை யாரும் காப்பாற்ற வேண்டியதில்லை, அந்த வேலையில் அவரே இல்லை. பால் மவுசரைக் கமிஷன் கலந்துகொள்ளவே இல்லை. அவர் தொழிற்சாலை துருக்கிக்கான பெரிய ஆர்டரில் மூழ்கியிருந்தது. 88 ரைஃபிளைச் செய்தவை ஸ்பாண்டாவ், டான்சிக், எர்ஃபுர்ட், ஆம்பெர்க் ஆகிய அரசு ஆலைகள். தனியாரில் பெர்லினின் லுட்விக் லோவே, ஆஸ்திரியாவின் ஸ்டெயர், ஸூல் ஊர்க் கம்பெனிகள் சில. மவுசர் கம்பெனியின் பங்குகளை 1887 இறுதியில் லோவே வாங்கியிருந்தார்கள் என்பது உண்மை. அந்தச் சம்பந்தத்தை வைத்து 88ஐ மவுசர் கணக்கில் எழுத முடியாது.

ஸ்டெயர் இதற்குள் வந்த கதை இன்னும் சுவாரசியம். மான்லிஹரின் கிளிப் முறையை (தோட்டாக்களைப் பிடித்திருக்கும் தகட்டுக் கவ்வியோடு சேர்த்தே மேகசினுக்குள் இறக்குவது) ஜெர்மானியர்கள் எடுத்துக்கொண்டதும் காப்புரிமைச் சண்டை வந்தது. கடைசியில் சமாதானம்: ஜெர்மனி அந்தக் காப்புரிமையைப் பயன்படுத்திக்கொள்ளலாம், பதிலுக்கு ஸ்டெயர் 88 ரைஃபிளைச் செய்து விற்கலாம். மான்லிஹரின் 1886 கிளிப் ஒரு பக்கமாகத்தான் உள்ளே போகும். ஜெர்மானியர்கள் அதை எந்தப் பக்கம் திருப்பிப் போட்டாலும் போகிற மாதிரி செய்தார்கள். இருட்டிலும் பதற்றத்திலும் சிப்பாய்க்கு அது பெரிய உபகாரம்.

லேத்துப்பட்டறை:

குழல் விஷயம் நான் சொல்றேனுங்க. வரைபடத்துல இருக்கற அளவைப் பார்த்தாலே கதை புரிஞ்சுரும்.

ரைஃப்ளிங்ல, அதாவது குண்டைச் சுழல வைக்கக் குழலுக்குள்ள சுருளா வெட்டற வரியில, மேடு இருக்கும், பள்ளம் இருக்கும். 88இன் முதல் குழல்கள்ல மேட்டுக்கு மேடு 7.9 மி.மீ. பள்ளத்துக்குப் பள்ளம் 8.1. அதாவது பள்ளத்தோட ஆழம் பக்கத்துக்கு 0.10 மி.மீ.தான். உள்ள போற குண்டோ கிட்டத்தட்ட அதே 8.1. எடை 14.6 கிராமுக்கு மேல, நல்ல நீளம், முனை உருண்டை, வெளிய நிக்கல் கலவை பூசின எஃகுக் கவசம்.

கருமருந்து காலத்து ஈயக் குண்டு மெதுசு. குழல் எப்படி இருந்தாலும் அதுக்குத் தகுந்தபடி நசுங்கிப் போயிரும். எஃகுக் கவசம் போட்டது அப்படி நசுங்காது. மேடு வெட்டித் தள்ளற உலோகம் எங்கயாவது போகணுமில்ல? பள்ளம் ஏற்கெனவே நிறைஞ்சிருக்கு. குண்டு இறுகும், அழுத்தம் ஏறும். குழல்ல முன்னாடி சுட்ட குண்டோட பூச்சு கொஞ்சம் படிஞ்சிருந்தா இன்னும் ஏறும். குழல் வீங்கறதும் வெடிக்கறதும் அப்படித்தான் ஆரம்பிச்சுது.

1890கள்ல என்ன பண்ணினாங்கன்னா, ஆழத்தை 0.15 ஆக்கினாங்க. பள்ளத்துக்குப் பள்ளம் 8.2 ஆச்சு. அப்படிச் செஞ்ச துப்பாக்கிக்கு இசட் முத்திரை குத்தினாங்க. வித்தியாசம் பக்கத்துக்கு 0.05 மி.மீ., தலைமுடியை விட மெல்லிசு. அதுக்குத்தான் இத்தனை பாடு.

ஆனா பாருங்க, குண்டை மாத்தல. 8.1 குண்டு இப்ப 8.2 குழல்ல போகுது. அழுத்தம் இறங்கிருச்சு, சரி. குண்டுக்கும் பள்ளத்துக்கும் நடுவுல சந்து விழுந்துருச்சே! சூடான வாயு அந்தச் சந்துல பாஞ்சு போகும், குழல் தேயும். ஒண்ணைச் சரி பண்ணப் போயி இன்னொண்ணு.

பழையதோட்டா:

அருமை, லேத்துப்பட்டறை அண்ணே. இதோடு தோட்டா உறையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆரம்பகாலப் பித்தளை உறைகள் சில விரிசல் விட்டன. உறை விரிந்தால் வாயு பின்பக்கமாக, சுடுபவன் முகத்துக்கு நேராக வரும். 88இன் போல்ட்டில் அதைத் திசைதிருப்ப முதலில் சரியான ஏற்பாடு இல்லை. பிறகுதான் போல்ட்டின் பின்முனையில் இருக்கும் திருகை அகலமாக்கி, முகத்துக்கு ஒரு தடுப்பு மாதிரி செய்தார்கள். உறையையும் பின்னால் கெட்டியாக்கினார்கள்.

"துப்பாக்கி வெடித்தது" என்று அன்றைய பத்திரிகைகள் எழுதிய சம்பவங்களில் எது குழல் வெடித்தது, எது உறை கிழிந்தது என்று பிரித்துப் பார்த்தால்தான் நியாயம். இரண்டையும் ஒரே கணக்கில் போட்டதால்தான் பூதாகாரமாகத் தெரிந்தது.

கொலோன்_யாழ்ப்பாணத்தான்:

வணக்கம். நான் இருக்கிறது கொலோன் பக்கம். என்னோட வேலை செய்தவர் ஒருத்தர் லைசென்ஸ் எடுத்துப் பழைய துவக்குகள் சேர்க்கிறவர். அவரிட்ட ஒரு 88 இருக்கு. கையில தந்து வடிவாப் பாக்கச் சொன்னவர். நான் கண்டதைச் சொல்லுறன்.

முதல் கண்ணில படுறது அந்தத் தகட்டு உறைதான். தூரத்தில பாத்தா மொத்தமான குழல் எண்டு நினைப்பீங்கள். கிட்டப் பிடிச்சுப் பாத்தா, வாய்ப் பக்கத்தில உள்ளுக்குள்ள இன்னொரு மெல்லிய குழல் தெரியுது. நகத்தால தட்டினா வெத்துக் குழாய்ச் சத்தம். பின் குறியும் முன் குறியும் ரெண்டும் அந்த உறைக்கு மேலதான் இருக்கு, குழலில இல்லை. உறை ஒரு இடத்தில நெளிஞ்சா குறியும் கோணும் எண்டு அவர் சொன்னவர். அவரின்ட துவக்கிலயே இடப் பக்கம் ஒரு சின்ன நெளிவு இருக்கு.

சூட்டில குழல் நீளேக்கை மரத்தில முட்டாமல் இருக்கவேணும், கையும் சுடக்கூடாது எண்டுதான் இதைப் போட்டவையாம். யோசனை பிழை இல்லை. ஆனா மழைத் தண்ணி உறைக்கும் குழலுக்கும் இடையில போனா வெளிய எடுக்க வழியில்லை. கறள் பிடிச்சாலும் வெளியால ஒண்டும் தெரியாது. சிப்பாய் கழட்டித் துடைக்கவும் ஏலாது, ஆயுதத் தச்சனிட்டத்தான் போகவேணும்.

இன்னொண்டு. போல்ட்டை வெளிய இழுத்தவுடன அதின்ட தலை தனியாக் கையில வந்திட்டுது! கீழ விழுந்து மேசைக்கடியில உருண்டு போச்சு, நான் பயந்திட்டன். அவர் சிரிச்சுப்போட்டு, "இதத்தான் எல்லாரும் துலைச்சவை" எண்டார். சந்தையில வாற 88களில கனக்க இந்தத் தலை இல்லாமல்தான் வருதாம். வேற துவக்கின்ட தலையைக் கொண்டுவந்து பூட்டினாலும் அளவு சரியா இருக்குமோ எண்டு பாக்காமல் சுடக்கூடாது.

கரிசல்காட்டான்:

சரி, இப்ப நான் கேக்குறேன். குழல் வெடிக்குது, உறை கிழியுது, தகடு நெளியுது, போல்ட் தலை தொலையுது. இதுக்கு மேலயும் "ஒவ்வொரு பாகமும் நல்ல பாகம்"னு பழையதோட்டா எப்படிச் சொல்றாரு? எனக்குத் தெரிஞ்சு இரட்டைத் தோட்டா கோளாறு ஒண்ணு இருக்கு, அதை யாரும் தொடவே இல்லை.

போல்ட்டை முன்னால தள்ளுறீங்க. தோட்டா அறைக்குள்ள போயிருச்சு. கைப்பிடியைக் கீழ மடக்கிப் பூட்டுறதுக்குள்ள பதட்டத்துல மறுபடி பின்னால இழுத்துட்டீங்கன்னு வைங்க. 88இன் இழுவைக் கொக்கி கடைசி நேரத்துலதான் தோட்டா அடியைக் கவ்வும். அதுவரைக்கும் கவ்வாது. அப்ப முதல் தோட்டா அறையிலேயே நிக்கும், போல்ட் மட்டும் வெறுங்கையா வரும். மறுபடி தள்ளுனா மேகசின்லேர்ந்து அடுத்த தோட்டா வந்து, முதல் தோட்டாவோட பின்பக்கம் பிரைமர்ல (அடிபட்டா மருந்தைப் பத்தவைக்கிற மூடி) மூக்கால இடிக்கும். நல்லநேரம்னா நெரிசல். கெட்டநேரம்னா போல்ட் திறந்திருக்கும்போதே வெடி. இது வடிவமைப்புக் கோளாறு இல்லாம வேற என்ன? கமிட்டி போட்டு வேலை செஞ்சா இப்படித்தான் ஆகும்.

பழையதோட்டா:

இரட்டைத் தோட்டா விஷயம் உண்மை, மறுப்பதற்கில்லை. 88இல் எனக்குப் பிடிக்காத முதல் அம்சமே அதுதான். பால் மவுசர் இதை நன்றாகக் கவனித்திருக்கிறார். 1890களில் அவர் செய்த மாடல்களில் போல்ட்டின் பக்கவாட்டில் போல்ட்டோடு சுழலாத நீளமான கொக்கி வருகிறது. மேகசினை விட்டுத் தோட்டா மேலே எழும்பும்போதே அதைப் பிடித்துக்கொள்ளும். பாதியில் இழுத்தால் தோட்டாவும் கூடவே வெளியே வந்துவிடும். 1898 மாடல் வரைக்கும் அந்தக் கொக்கி தொடர்கிறது.

ஆனால் "கமிட்டி போட்டால் இப்படித்தான்" என்பதை ஏற்க முடியாது. லெபெல் ரைஃபிளும் கமிஷன் வேலைதான். கர்னல் லெபெல் அதில் செய்தது முக்கியமாகக் குண்டு. அதற்கும் பெயர் மட்டும் அவருடையதாகிவிட்டது. அவசரத்தில் பிரான்ஸும் தப்பவில்லை. பழைய 11 மி.மீ. கிராஸ் தோட்டா உறையையே நெருக்கிக் குறுக்கி 8 மி.மீ. ஆக்கினார்கள். அடியில் பெரிய விளிம்பு, உடம்பில் தடித்த சரிவு. அந்த உறையோடு பிரான்ஸ் அடுத்த பல பத்தாண்டுகள் பட்ட பாடு தனிக் கதை. குழாய் மேகசினும் லெபெலோடு ஒட்டிக்கொண்டது.

ஜெர்மன் கமிஷன் அந்த இடத்தில் துணிந்து புதுத் தோட்டா செய்தது. விளிம்பில்லாமல், உறையின் அடியில் ஒரு பள்ளம் மட்டும் வைத்து. 1888இன் துப்பாக்கி பத்து ஆண்டில் பின்வரிசைக்குப் போய்விட்டது. அந்த 57 மி.மீ. உறையோ 1945 வரை ஜெர்மன் ரைஃபிளிலும் இயந்திரத் துப்பாக்கியிலும் ஓடியது. இன்றும் ஐரோப்பிய வேட்டைக்காரர்கள் வாங்குகிறார்கள். கமிஷனைத் திட்டுகிறவர்கள் இதையும் கணக்கில் எடுக்க வேண்டாமா?

மேகமூட்டம்:

நான் வேறு ஒன்று படித்தேன். அந்த லோவே கம்பெனி யூதர்களுடையதாம். அவர்கள்தான் வேண்டுமென்றே கோளாறாகச் செய்து கொடுத்தார்கள் என்று அன்றைக்கே ஒருவர் நிரூபித்திருக்கிறாராமே? அதைப் பற்றி யாரும் பேசவில்லையே?

சுடர்விழி:

நிரூபிக்கவில்லை, அவதூறு பரப்பினார், அதற்காகச் சிறைத் தண்டனையும் பெற்றார். இதை விரிவாகச் சொல்வது அவசியம். இந்தப் புரளி இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

அவர் பெயர் ஹெர்மன் ஆல்வார்ட். பெர்லினில் பள்ளித் தலைமையாசிரியராக இருந்தவர். பள்ளிக் குழந்தைகளின் கிறிஸ்துமஸ் கொண்டாட்டத்துக்கு வசூலித்த பணத்தில் கைவைத்ததற்காக வேலை போனது. கடன் வேறு. அதற்குப் பிறகு யூத வெறுப்பைத் தொழிலாகவே ஆக்கிக்கொண்டார். 1892இல் "யூதத் துப்பாக்கிகள்" என்று ஒரு துண்டுப் பிரசுரம் போட்டார். லோவே நிறுவனம் ஜெர்மன் படைக்குக் கொடுத்த 425,000 ரைஃபிள்களும் வேண்டுமென்றே பழுதாகச் செய்யப்பட்டவை, பாரிஸில் இருக்கும் யூத அமைப்பு ஒன்றின் கட்டளைப்படி ஜெர்மனியைத் தோற்கடிக்க நடந்த சதி இது என்றார்.

இப்போது மேலே லேத்துப்பட்டறை சொன்னதைத் திரும்பப் படியுங்கள். பள்ளத்தின் ஆழம் 0.10 என்று வரைபடத்தில் போட்டது யார்? அரசுக் கமிஷன். ஸ்பாண்டாவ் அரசு ஆலையில் செய்த ரைஃபிளும் அதே வரைபடம்தான். அங்கேயும் அதே கோளாறு வந்தது. தோட்டா உறை விரிசலுக்கும் துப்பாக்கி செய்தவருக்கும் சம்பந்தமே இல்லை. லோவே செய்ததை அரசுப் பரிசோதகர்கள் பார்த்து, முத்திரை குத்திய பிறகுதான் எடுத்துக்கொண்டார்கள்.

சான்சலர் காப்ரிவி நாடாளுமன்றத்திலேயே குற்றச்சாட்டை மறுத்தார். 1892 டிசம்பரில் ஆல்வார்டுக்கு ஐந்து மாதச் சிறை. ஆனால் அதே மாதம் ஆர்ன்ஸ்வால்டே-ஃபிரீடெபெர்க் தொகுதி இடைத்தேர்தலில் நின்று ஜெயித்து நாடாளுமன்றத்துக்கும் போய்விட்டார். வாக்காளர்களுக்குக் குழலின் அளவும் உலோகமும் எங்கே புரியப்போகிறது? எதிரி யார் என்று ஒருவன் விரல் நீட்டிக் காட்டிவிட்டால் அது சுலபமாகப் புரிகிறது.

மட்டுறுத்துநர்:

மேகமூட்டம் அவர்களுக்கு: கேள்வியாகக் கேட்டதால் விட்டிருக்கிறேன். சுடர்விழி பதில் சொல்லிவிட்டார். இந்தக் கிளையை இனியும் வளர்க்க வேண்டாம். துப்பாக்கிக்குத் திரும்புவோம்.

லேத்துப்பட்டறை:

இங்கிலீஷ்காரனும் இந்தக் குழியில விழுந்தவன்தானுங்க. நம்மில் பல பேர் என்.சி.சி.யில .303 பிடிச்சிருப்போம். அதோட பாட்டன் லீ-மெட்ஃபோர்ட், அதுவும் அதே 1888தான். முதல்ல .303 தோட்டாவுக்குள்ள கருமருந்தைத்தான் அழுத்திப் போட்டிருந்தாங்க. 1891 வாக்குல கார்டைட்டுங்கற புகையற்ற மருந்துக்கு மாறினாங்க. மெட்ஃபோர்ட் பள்ளம் ஆழமில்லாம, விளிம்பெல்லாம் வளைவா இருக்கும். கருமருந்துக் கரி ஒட்டாம இருக்கறதுக்காக அப்படி. கார்டைட் சூட்டுக்கு அது சீக்கிரமே அரிச்சுப் போச்சு. 1895ல என்ஃபீல்டு பாணியில ஆழமா, கூர்விளிம்பா வெட்ட ஆரம்பிச்சாங்க. லீ-என்ஃபீல்டுங்கற பேரே அப்படித்தான் வந்துச்சு.

பிரிட்டிஷ்காரன் அதை "குழல் தேயுது, மாத்து"ன்னு கணக்குல எழுதினான். ஜெர்மனில அது தேர்தல் பிரசாரம் ஆயிருச்சு. வித்தியாசம் அவ்வளவுதானுங்க.

கரிசல்காட்டான்:

அந்த அடிப்பக்க ஓட்டையையும் சொல்லிருங்க. கடைசித் தோட்டா உள்ள போனதும் காலி கிளிப் கீழே விழுற ஓட்டை. சேறு, மண்ணு எல்லாம் அது வழியாத்தான் உள்ள ஏறும். அப்புறம் கிளிப் இல்லைன்னா மேகசின் வேலையே செய்யாது. பாதி காலியானா ரெண்டு தோட்டாவை மேலே சொருகி நிரப்பவும் வழியில்லை.

பழையதோட்டா:

கிளிப் விமர்சனம் சரி. ஓட்டை விமர்சனத்தைக் கொஞ்சம் மிகைப்படுத்துகிறீர்கள். ஆஸ்திரியாவின் 1895 மான்லிஹரிலும் அதே ஓட்டை உண்டு. அந்தத் துப்பாக்கியோடுதான் ஆஸ்திரியப் படை முதல் உலகப்போர் முழுக்கச் சண்டை போட்டது. ஓட்டை வழியாக மண் ஏறும், அதே வழியாக இறங்கவும் செய்யும்.

ஜெர்மானியர்கள் இதையும் பின்னால் மாற்றினார்கள். 1903இல் கூர்முனைக் குண்டு வந்தது. 10 கிராம் எடை, விட்டம் 8.2 மி.மீ. லேத்துப்பட்டறை சொன்ன சந்து இங்கேதான் அடைபட்டது: இசட் முத்திரைக் குழலுக்குப் பொருத்தமான குண்டு ஒருவழியாக வந்து சேர்ந்தது. தகுதியான பழைய 88களில் தோட்டா அறையின் முன்பகுதியைக் கடைந்து விரித்து, எஸ் முத்திரை குத்தினார்கள். அடுத்து 88/05 என்று ஒரு மாற்றம். மேலிருந்து பட்டைக் கிளிப்பில் வைத்துத் தோட்டாக்களைக் கட்டைவிரலால் அழுத்தி இறக்கும் வசதி வந்தது. அடிப்பக்க ஓட்டையைத் தகடு வைத்து மூடினார்கள். 1914இல் போர் வெடித்ததும் அவசரமாகச் செய்த மாற்றம் 88/14. வேலைப்பாடு கரடுமுரடு.

முன்னணிப் படையிடம் 1898 மாடல் மவுசர் இருந்தது. 88 பின்வரிசைக்கும் கூட்டாளிகளுக்கும் போனது. உதுமானியப் படைக்கு நிறையக் கொடுத்தார்கள். துருக்கியர்கள் 1930களில் அதைக் கழற்றி, தகட்டு உறையைத் தூக்கிப்போட்டு, புதுக்குழல் மாட்டி மறுபடி உபயோகித்தார்கள்.

சுடர்விழி:

சீனாவை விட்டுவிட்டீர்களே. 88க்கு நீண்ட ஆயுள் கிடைத்தது அங்கேதான். ஆளுநர் ஜாங் ஜிடோங் தொடங்கிய ஹான்யாங் ஆயுதச்சாலை 1890களின் நடுவில் இதையே நகல் எடுத்துச் செய்யத் தொடங்கியது. முதலில் தகட்டு உறையோடு செய்தார்கள். பிறகு அதை நீக்கிவிட்டுக் குழலுக்கு மேல் மரக் கைக்காப்பு போட்டார்கள். 1911 அக்டோபரில் மன்னராட்சியைக் கவிழ்த்த வூச்சாங் எழுச்சியில் புரட்சிப் படையின் கையில் இருந்தது இந்த ஹான்யாங். ஜப்பானுக்கு எதிரான போரிலும் இதுவே சீனச் சிப்பாயின் துப்பாக்கி. 1944 வரை உற்பத்தி நடந்தது.

கரிசல்காட்டான், இவ்வளவு மோசமான துப்பாக்கியை அரை நூற்றாண்டு ஒரு நாடு செய்யுமா?

கரிசல்காட்டான்:

வேற வழி இல்லைன்னா செய்யும்! இயந்திரத்தை எல்லாம் இதுக்காகவே வாங்கிப் போட்டுட்டாங்க, அப்புறம் எப்படி மாத்துறது? முதல்ல அந்தத் தகட்டைத்தானே சீனாக்காரன் கழற்றி எறிஞ்சான், துருக்கிக்காரனும் அதைத்தான் எறிஞ்சான். அப்ப யார் சொன்னது சரி?

பழையதோட்டா:

தகட்டு உறைக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. அதை மட்டும் உங்களுக்கே விட்டுத்தருகிறேன். இரட்டைத் தோட்டாவையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். குழல் வெடித்த பழியை மட்டும் கைப்பிடியிலிருந்து மூக்குவரை மொத்தத் துப்பாக்கியின் மேல் போடாதீர்கள், அது குண்டும் பள்ளமும் பொருந்தாத கணக்கு.

கொலோன்_யாழ்ப்பாணத்தான்:

ஒரு கேள்வி. அந்த நண்பர் தன்ர 88ஐ ஒரு நாள் சுட்டுப் பாக்கவேணும் எண்டு நிக்கிறார். இங்க கடையில 8 × 57 தோட்டாப் பெட்டி தாராளமாக் கிடைக்குது. போடலாமோ?

லேத்துப்பட்டறை:

அப்படியே போட்டுற வேண்டாமுங்க. கடையில பெரும்பாலும் இருக்கறது 8.2 குண்டு, எஸ் வகை. அழுத்தமும் அந்தக் காலத்துத் தோட்டாவை விட அதிகம். உறை ஒரே அளவுங்கறதால 88இன் அறைக்குள்ள அது போனாலும் போயிரும், அதுதான் ஆபத்தே. முதல்ல அறைக்கு மேல எஸ் முத்திரை இருக்கான்னு பாருங்க. அது இருந்தாலும் நம்பிராதீங்க, முத்திரையை விடக் குழலோட அளவுதான் முக்கியம். துப்பாக்கி வேலை தெரிஞ்சவர்கிட்டக் கொடுத்து, ஈயத்தைக் குழலுக்குள்ள தள்ளி எடுத்துப் பள்ளத்துக்குப் பள்ளம் அளக்கச் சொல்லுங்க. 8.1ன்னு வந்தா எஸ் தோட்டாவைக் கிட்டயே கொண்டுபோகக் கூடாது. கூடவே அந்தப் போல்ட் தலை அதே துப்பாக்கியோடதான்னு எண்ணைப் பார்த்து உறுதி பண்ணிக்கச் சொல்லுங்க.

கொலோன்_யாழ்ப்பாணத்தான்:

நன்றி அண்ணை. எண் பாத்திட்டம். போல்ட்டில ஒரு எண், தலையில வேற எண். சுவரிலயே தொங்கட்டும் எண்டு சொல்லிப்போட்டன்.